உப்புத்தாளின் கடைசி அடுக்கு

பேருந்தில் ஏறியதும் அவர் கை தேடுவது பிடித்துக்கொள்ளும் கம்பியை அல்ல, அந்தக் கம்பி கூரையோடு சேரும் இடத்தை. அந்த ஒட்டைக் கட்டைவிரலால் ஒரு சுற்று தடவுவார். கரடுமுரடாக இருந்துவிட்டால் இறங்கும்வரை முணுமுணுப்புதான். "எவன்யா இது? ஒட்டச் சொன்னா துப்பி வச்சிருக்கான்." பக்கத்தில் நிற்கிற ஆள் தன்னைத்தான் சொல்கிறார் என்று இரண்டடி தள்ளிப்போவார். இடம் காலியானாலும் இவர் உட்கார மாட்டார். இவர் உட்கார்ந்து நான் பார்த்தது பற்றவைக்கிற குழாய்க்கு முன்னால் மட்டும்தான்.

நான் குழாயை வெட்டிப் பொருத்துகிறவன், அவர் அதைப் பற்றவைக்கிறவர். பதினெட்டு வருடக் கூட்டு. வேலையிடத்தில் அவருக்கு உப்புத்தாள் என்று பெயர். மற்றவர்கள் பற்றவைத்து முடித்ததும் ஒட்டின்மேல் படிந்த கசடைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். இவர் கிரைண்டரை எடுத்து மேல் அடுக்கைத் தேய்ப்பார். ஒட்டு எங்கே இருக்கிறதென்று குழாய்க்கே மறந்துபோகும்வரை தேய்ப்பார். "ஒட்டுன எடம் தெரிஞ்சா ஒட்டுனவனுக்கு அசிங்கம்." வீட்டிலும் இதே கதைதான். நாற்காலிக் கால், ஜன்னல் கொக்கி எதையும் விட்டதில்லை. "இன்னும் ரெண்டு வருஷத்துல வீட்டுல சாமானே இருக்காது, பொடிதான் இருக்கும்" என்பது அவர் மனைவியின் புகார்.

இந்த ஆளைத்தான் போன வருடம் வந்த புதுச் சட்டம் பிடித்து உலுக்கியது. பற்றவைக்கிறவர்களுக்கு நாடு முழுக்க இனி ஒரே தேர்வு. வாலிபத்தில் ஒரு தகட்டைப் படுக்கவைத்து ஒட்டிக்காட்டி அவர் வாங்கிய பழைய சான்றிதழ் செல்லாது. சாய்த்து மாட்டிய குழாயை அசைக்காமல், இவரே சுற்றிச் சுற்றி வந்து ஒட்டிக்காட்ட வேண்டும். இருபது கேள்விகளுக்கு எழுத்தில் பதில். தேறினால் ஒரு அட்டை, அதுவும் இரண்டு வருடத்துக்கு. குறித்த தேதிக்குப் பிறகு அட்டை இல்லாதவனை வேலையிட வாயிலிலேயே நிறுத்திவிடுவார்கள். தவறினால் இன்னொரு வாய்ப்பு உண்டு. அதிலும் தவறினால் ஆறு மாதம் வீடுதான்.

எழுத்துக்கு அவர் மனைவிதான் வாத்தியார். துணி தேய்த்துக்கொண்டே கேள்வி கேட்பார். இவர் அறைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே பதில் சொல்வார்.

"பத்தவைக்கிறதுக்கு முன்னாடி எதுக்குங்க சூடு பண்ணணும்?"

"கனமான இரும்பு குளுந்து கெடக்கறப்ப ஒட்டுனா வெடிப்பு விடும். அதோட என் மானமும் வெடிப்பு விடும்."

"மானத்த விட்டுட்டு மத்தத எழுதுங்க."

எழுத்தில் பதினாறு வாங்கினார். கவிழ்ந்தது கைவேலையில். குழாயைப் பொருத்திக்கொடுக்க நானும் கூடப் போயிருந்தேன். அப்படியொரு அருமையான ஒட்டை அவர் வாழ்நாளில் போட்டிருக்க மாட்டார். முடித்தார், கசடைத் தட்டினார், அடுத்த மூச்சில் கிரைண்டர் கையில். நான் கத்துவதற்குள் பாதிச் சுற்று வழவழவென்று ஆகிவிட்டது. சோதிக்க வந்த அம்மா ஓடிவந்தார். "என்னண்ணா இது, கடைசி அடுக்கு நீங்க விட்டபடியே இருக்கணும்னு காலையிலயே சொன்னேனே. தேய்ச்சா உள்ள என்ன மறைச்சீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"மறைக்கலம்மா. அழகு பண்ணேன்."

அந்த அம்மாவுக்கும் சங்கடம்தான். ஆனாலும் தாளில் பெருக்கல் குறி விழுந்தது.

அடுத்த மூன்று வாரம் என்னைப் படுத்தி எடுத்துவிட்டார். பழைய குழாய்களில் பழகினோம். முடித்ததும் கை தானாகக் கிரைண்டருக்குப் போகும். கிரைண்டரை ஒளித்தேன், அரத்தை எடுத்தார். அரத்தையும் ஒளித்தேன், தரையில் கிடந்த கல்லை எடுத்து உரசினார். "கைக்கு மூளை இல்லய்யா, நான் என்ன பண்ண?" என்று என்மேலேயே எரிந்து விழுந்தார். "ஒட்டுன எடத்தத் துண்டு போட்டு வளைச்சுப் பாப்பாங்களே, அதுல எனக்குப் பயமே இல்ல. உள்ள நான் பொய் வச்சதில்ல. இந்த மேல் அடுக்குதான்யா என்னக் கொல்லுது."

இரண்டாவது முறையும் அதே அம்மா. கிரைண்டர் மேசைமேல் கிடந்தது. இவர் சுற்றி வந்து ஒட்டினார், மல்லாந்து ஒட்டினார், உருக்கி ஒட்டுகிற கடைசி ராடு குழாயின் அடியில் முடிந்தது. முடிந்த இடத்தில் சின்னதாய் ஒரு மேடு. அதை நான் பார்ப்பதற்கு முன்னால் அவர் பார்த்துவிட்டார். கம்பித் தூரிகையால் இரண்டு தேய்ப்பு, அதற்கு அனுமதி உண்டு. பிறகு கிளவுஸைக் கழற்றினார். இரண்டு கைகளையும் அக்குளில் இறுக்கிக் கட்டிக்கொண்டு சுவரோரம் போய் நின்றார். கால் மட்டும் தாளம் போட்டது.

அந்த அம்மா டார்ச் அடித்துச் சுற்றிலும் பார்த்தார். மேட்டின்மேல் அளவுச் சட்டத்தை வைத்தார். எடுத்தார். மறுபடியும் வைத்தார்.

"மேடு அளவுக்குள்ளதான் இருக்கு. பார்வையில பாஸ்ணா." தாளில் ஒரு டிக் அடித்துவிட்டு நிமிர்ந்தார். "இனி துண்டு போட்டு வளைச்சுப் பாக்கணும். அதுக்கு மேல் அடுக்கத் தேய்ச்சு மட்டம் பண்ணணும். ஆள் இருக்காங்க. இல்ல, நீங்களே..."

அந்த அம்மா சொல்லி முடிப்பதற்குள் இவர் பிளக்கைச் செருகிவிட்டார். கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு குழாய்க்கு முன்னால் உட்கார்ந்தார். சுவிட்சைப் போடப் போனவர் நிறுத்தினார். வெறுங்கையை நீட்டி, அடியில் இருந்த அந்த மேட்டைக் கட்டைவிரலால் மெதுவாக ஒருமுறை தடவினார்.