நாங்கள் மறைத்த முகம்

எங்கள் குழுவில் ஐந்து பெண்கள். தி.நகரில் ஒரு தையல் கடைக்கு மேலே ஓர் அறை, இரண்டு பழைய லேப்டாப், ஒரு கேமரா, சுற்றுவதைவிட அதிகமாகச் சத்தம் போடும் ஃபேன். அங்கிருந்துதான் ஒரு வீடியோ சேனல் நடத்தினோம். பெரிய டிவிகள் எட்டிப் பார்க்காத விஷயங்களைப் பெண்களே எடுத்து, பெண்களே எடிட் செய்து, பெண்களே இணையத்தில் ஏற்றுவது என்பது திட்டம். கம்ப்யூட்டரையே ஆயுதமாக்கும் ஹேக்டிவிசம், இணையத்தில் பெண்ணுரிமை பேசும் சைபர்ஃபெமினிசம் என்று வாய் ஓயாமல் பேசுவோம். மயிலாப்பூரில் என் வீட்டுக்காரருக்கு நான் எங்கே போகிறேன் என்று ஓரளவு தெரியும், என்ன செய்கிறேன் என்று தெரியாது. அவர் அரசு வேலையில் இருக்கிறார். தெரியாமலே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆரம்பத்தில் எங்களுக்கு விதி எதுவும் கிடையாது. எங்களில் ஒருத்தி முகத்தைக் காட்டிப் பேசிய வீடியோவிலிருந்து அவள் படத்தை எடுத்து, எவனோ கேவலமாக வெட்டி ஒட்டி ஊரெல்லாம் அனுப்பினான். அது அவள் அப்பாவின் போனுக்கே போய்ச் சேர்ந்தது. ஒரு மாதம் அவள் வாசலைத் தாண்டவில்லை. அதற்கப்புறம்தான் தரமணியில் ஐ.டி. வேலை பார்க்கும் எங்கள் கூட்டாளி ஒரு தாளில் விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டினாள். பேட்டி கொடுக்கிற பெண்ணின் முகத்தை மங்கலாக்கு, குரலை மாற்று. கதவு எண் தெரியக் கூடாது. வீடியோ ஃபைலுக்குள் தானாகப் பதிவாகும் தேதியையும் இடத்தையும் துடைத்துவிடு. ஏற்றி ஒரு வாரத்தில் ஒரிஜினலை யாராலும் மீட்க முடியாதபடி அழித்துவிடு. இதில் ஒன்றுகூடத் தப்பு என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை, அதுதான் எரிச்சல்.

அடையாற்றுக் கரையோரக் குடியிருப்பைக் காலி செய்யப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டபோது அங்கே போனோம். அங்கேதான் அக்காவைப் பார்த்தேன். ஐம்பதை ஒட்டிய வயசு, அடையாறில் மூன்று வீட்டில் சமையல் வேலை, வீட்டுக்காரர் இறந்து பல வருஷம். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னைப் பெயர் சொல்லி வா போ என்பார். கேமராவைப் பார்த்ததும் உள்ளே போய் முகம் கழுவி, வேறு புடவை மாற்றிக்கொண்டு வந்தார். பச்சைக் கதவுக்குப் பக்கத்தில், பெயின்ட்டால் எழுதிய எண்ணை மறைக்காமல், வேண்டுமென்றே ஒதுங்கி நின்றார். ஒவ்வொரு சுவரும் எப்போது எழும்பியது என்று சொல்லிக்கொண்டே வந்தார். நல்ல பேட்டி. எடுத்து முடித்ததும் முகம் தெரியாது என்றேன்.

"இன்னாது? மூஞ்ச மூடிக்கினு பேசறதுக்கு நான் இன்னா திருடிட்டா வந்தேன்?"

அரை மணி நேரம் விளக்கினேன். இணையத்தில் என்னவெல்லாம் ஆபத்து, யார் யார் பார்ப்பார்கள், பெண்ணின் முகத்தை வைத்து என்னவெல்லாம் செய்வார்கள் என்று. என் பேச்சு எனக்கே இனித்தது. அவர் பொறுமையாகக் கேட்டார். "சர்தான், படிச்சவ நீ, உனக்குத் தெரியாததா" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

அந்த வீடியோவுக்கு நல்ல பேர். அடையாறில் நடந்த ஒரு கலைக் கண்காட்சியில் அதைச் சுவர் முழுக்க ஓடவிட்டார்கள். பருத்திச் சேலையும் பெரிய மூக்குத்தியுமாக வந்த ஒருவர், முகமில்லாமையே இங்கே அரசியலாகிறது என்றார். இன்னொருவர் இந்த மங்கலை எந்த சாஃப்ட்வேரில் செய்தீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். அக்காவையும் அழைத்திருந்தோம். வேலை முடித்துக் கையில் கூடையோடு வந்து, சுவரையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "இதுல நான் எங்க கீறேன்?" என்றார். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். வெட்கக்கேடு, நானும் சிரித்தேன்.

அப்புறம் யார் யாருக்கு மாற்று வீடு என்று பார்க்கக் கணக்கெடுப்பு வந்தது. வந்த நேரத்தில் அக்கா சமையல் வேலையில் இருந்தார். பூட்டிய வீடு என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். அவருடைய ரேஷன் கார்டு மாமியார் வீட்டு முகவரியில் இருந்தது, மற்ற காகிதங்களெல்லாம் ஒரு மழையில் ஆற்றுத் தண்ணீரோடு போயிருந்தன. குடியிருப்பை இடித்தார்கள். மற்றவர்களுக்கு ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் வீடு ஒதுக்கினார்கள். பட்டியலில் அக்கா இல்லை. தங்கை வீட்டில், ஆறு பேர் படுக்கிற அறையில் ஏழாவது ஆளாகப் போய்ச் சேர்ந்தார். நடையாய் நடந்து அவர் மனுக் கொடுத்ததில், அதிகாரி ஒருவர் மனசு இரங்கிச் சொல்லியிருக்கிறார்: நீங்கள் அந்த வீட்டில் இருந்ததுக்கு, கதவு எண்ணும் தேதியும் தெரிகிற மாதிரி ஒரு போட்டோவோ வீடியோவோ இருந்தால் கொண்டு வாருங்கள், பார்க்கிறேன்.

அக்கா எனக்குப் போன் செய்தபோது குரலில் அப்படியொரு சந்தோஷம். "நீ எட்த்தியே, கதவாண்ட நின்னுக்கினு! அத்த எட்த்தாந்தா போதுமாம். கண்ணு, நீதான் என் சாமி."

பார்க்கிறேன் அக்கா என்று போனை வைத்தேன். தரமணிக்காரிக்குப் போன் போட்டேன். ஒரிஜினல் எங்கேயாவது தப்பித் தவறி இருக்குமா என்றேன். "சான்ஸே இல்ல. மேல மேல எழுதி அழிச்சிருக்கேன், யாராலயும் எடுக்க முடியாது" என்றாள். அவள் குரலில் பெருமைதான் இருந்தது. ஏதோ கத்தினேன். அவளும் பதிலுக்குக் கத்தினாள். அவளைத் திட்டி என்ன பிரயோஜனம், அழித்துவிட்டாயா என்று அன்றைக்கு இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டவளே நான்தான்.

இருப்பதை எடுத்துக்கொண்டு அக்காவோடு அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரி என் போனை வாங்கிப் பார்த்தார். ஒரு பச்சைக் கதவு, எண் இருந்த இடத்தில் சாம்பல் கட்டம். புடவை கட்டிய ஓர் உருவம், கழுத்துக்கு மேலே புகை, ஆம்பளைக் குரல்.

"யாரும்மா இது?"

"நான்தான் சார்" என்றார் அக்கா.

அதிகாரி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். என்னைப் பார்த்து, "இத எடுத்தது நீங்கதானே? இன்ன வீட்ல, இன்ன தேதியில இவங்கள வச்சு எடுத்தேன்னு உங்க பேர், அட்ரஸ் போட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. மனுவோட சேர்க்கறேன்" என்றார். நியாயமான பேச்சு.

பேனாவை எடுக்கவில்லை நான். ஐந்து பேரும் சம்மதிக்காமல் யாரும் தன் பெயரை வெளியே விடக் கூடாது என்பதும் எங்கள் விதி. ஒரு நிமிஷம் சார் என்று வராண்டாவுக்கு வந்து போனில் குழுவைக் கேட்டேன். ஒருத்தி யோசிக்கணும் என்றாள். ஒருத்தி, ஒரு தடவை விட்டால் அப்புறம் விதி எதற்கு என்றாள். ஒருத்தி மீட்டிங்கில் இருந்தாள். தரமணிக்காரி என் மெசேஜைத் திறக்கவே இல்லை. உண்மையைச் சொன்னால், அவர்கள் உடனே சரி என்றிருந்தாலும் நான் தயங்கியிருப்பேன். என் வீட்டுக்காரர் வேலை, ஃபிளாட்டில் என்ன பேசுவார்கள், எல்லாம் மனசில் ஓடியது. நாற்பது நிமிஷம் அங்கேயே போனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா வெளியே வந்து என் முகத்தைப் பார்த்தார்.

"பயமா கீதா கண்ணு? வேணாம் வுடு. என்னால உனக்கு எதுனா ஆயிடப் போவுது. நான் வேற எதுனா பாத்துக்கறேன்."

அதைக் கேட்டதும் கூசிப்போனேன். விறுவிறுவென்று உள்ளே போய் எழுதி, பெயர் போட்டு, முகவரி போட்டு, கையெழுத்திட்டேன். அக்கா பக்கத்தில் நின்று எழுத்துக் கூட்டிப் படித்தார். நிறுத்திவிட்டு மறுபடி படித்தார்.

"யாரு பேரு இது?"

"என் பேருதான் அக்கா."

இரண்டு வருஷமாக அவர் கூப்பிட்டது நாங்கள் குழுவுக்காக வைத்துக்கொண்ட பெயரை. அவர் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். அவர் வீட்டுக்காரர் எப்படி இறந்தார் என்பதுவரை எனக்குத் தெரியும். பாதுகாப்புக்காக அப்படி வைத்துக்கொள்வோம் என்று மென்று முழுங்கினேன்.

"யார்கிட்டேர்ந்து? என்கிட்டேர்ந்தா?"

அதிகாரி தலையைக் குனிந்துகொண்டு தாளைக் கோப்பில் வைத்தார்.

மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது. அக்கா தங்கை வீட்டில்தான் இருக்கிறார். வாரத்துக்கு ஒரு தடவை நான் அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்டுவிட்டு, அவரிடம் சொல்கிறேன். மரியாதையாகக் கேட்டுக்கொள்கிறார். "சரிங்க மேடம்" என்கிறார்.