கோவர்த்தனன் காத்த தமிழ் வகுப்பு

நகரிக்குத் தெற்கே இருந்த அந்த ஊரின் ஹைஸ்கூல், ஊரார் கல்லும் சுண்ணாம்பும் சுமந்து கட்டியது. ஒரே கூரை. கிழக்கே தெலுங்கு வகுப்புகள், மேற்கே தமிழ் வகுப்புகள், நடுவில் ஒரு மூங்கில் தட்டி. வீட்டில் தமிழும் சந்தையில் தெலுங்குமாக வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தத் தட்டி ஒரு பொருட்டே இல்லை. பெரியவர்களுக்குத்தான் அது பெரிதாகப் போயிற்று.

ஆந்திர ராஜ்யம் பிறந்ததும் எல்லை எங்கே விழும் என்ற பேச்சு ஊரைப் பிடித்துக்கொண்டது. வேர்க்கடலை பயிரிட்டுக்கொண்டிருந்த கோவர்த்தனனை அது பிடித்தது போல வேறு யாரையும் பிடிக்கவில்லை. கமிஷன்காரர்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்து தலை எண்ணுவார்களாம், தமிழ் வகுப்பில் தலை கூடினால் ஊர் சென்னை ராஜ்யத்துக்குப் போய்விடுமாம். சொன்னது யார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. ஆனாலும் தமிழ் வகுப்பில் ஒரு தலையும் குறையக் கூடாதென்று ஒற்றைக் காலில் நின்றார்.

அவருக்கு ஒரே மகள், அலர்மேல்மங்கை. டீச்சராக வேண்டும் என்பது அவள் ஆசை. தமிழில் எட்டாம் வகுப்பு வரைதான் இருந்தது. அதற்கு மேல் தெலுங்குதான். அவள் ஆறாவது சேரும்போதே தாய் அம்சவேணி சொல்லிப் பார்த்தாள்.

"ஊரு எந்தப் பக்கம்னா போவட்டும்யா. பொண்ண இப்பவே தெலுங்குல போட்டுடு. அப்பால கஷ்டப்படப் போவுது."

"நம்ம பொண்ணையே மாத்திட்டு, அடுத்த ஊட்டுக்காரங்கிட்ட எந்த மூஞ்ச வச்சிக்கினு பேசறது? எல்லை முடியட்டும், ஒன்பதாவது தமிழ்லயே வரும்."

அந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு அவர் ஏறி இறங்காத வீடில்லை. பக்கத்து நிலத்துத் துலுக்காணம் தன் மகன் சிட்டிபாபுவைச் சத்தமில்லாமல் தெலுங்கு வகுப்புக்கு மாற்றியிருந்தான். கோவர்த்தனன் நேரே வகுப்புக்குப் போய்ப் பையனைக் கையோடு தட்டிக்கு இந்தப் பக்கம் அழைத்து வந்தார். "ஒரு தலை கொறைஞ்சாலும் ஊரு போச்சுப்பா" என்றார். அவர் பேச்சை மீறித் துலுக்காணத்துக்குப் பழக்கமில்லை.

தலை எண்ண யாரும் வரவில்லை. எல்லை பிரித்தவர்கள் பார்த்தது பழைய ஜனத்தொகைக் கணக்கை. மங்கை பள்ளிக்கூடத்து வாசலை மிதிப்பதற்கு முன்பே எடுத்து முடித்த கணக்கு அது. திருத்தணி சென்னைப் பக்கம் போயிற்று, இந்த ஊர் ஆந்திராவிலேயே நின்றது. தமிழ் வாத்தியார் மூட்டை முடிச்சோடு திருத்தணிக்கு வண்டி ஏறினார். இத்தனை பாடும் வீண்.

அதற்குள் மங்கை எட்டாவது முடித்திருந்தாள். ஹெட்மாஸ்டர் நல்ல மனுஷர். ஒன்பதாவது தெலுங்கில்தான், தெலுங்கு எழுதத் தெரியாத பிள்ளை ஆறாவதிலிருந்து வரட்டும் என்றார். அவரால் முடிந்தது அவ்வளவே. திருத்தணியில் விட்டுப் படிக்க வைக்கலாமென்றால், வயசுக்கு வந்த பெண்ணை யார் வீட்டில் விடுவது? சிட்டிபாபு கல் உடைக்கப் போனான். துலுக்காணம் கோவர்த்தனனை ஒரு வார்த்தை திட்டவில்லை. எதிரே வந்தால் வரப்பு மாறி நடந்தான். திட்டியிருந்தால் தேவலை.

மங்கை ஆறாம் வகுப்புப் பொடிசுகளோடு போய் உட்கார்ந்தாள். சந்தையில் தெலுங்கில் பேரம் பேசி எவரையும் மடக்குகிற பெண், சிலேட்டில் எழுத்துக் கூட்ட முடியாமல் விழித்தாள். பொடிசுகள் சிரித்தன. வாரம் முடியுமுன் புத்தகத்தைப் பரண்மேல் போட்டுவிட்டுத் தாயோடு கடலை உரிக்க உட்கார்ந்துவிட்டாள்.

கோவர்த்தனனுக்கு மனசு தாளவில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டார். "நா போய் ஹெட்மாஸ்டர்கிட்ட பேசிட்டு வரேம்மா. இன்னா வழின்னு கேக்கறேன்."

மங்கை நிமிரவில்லை.

"வேணா நைனா. நீ பேசுனா எல்லாரும் கேட்டுக்கறாங்க. எனக்கு அதான் பயமா கீது."

 கோவர்த்தனன் துண்டை ஆணியில் மாட்டிவிட்டு, அவரும் கடலை உரிக்க உட்கார்ந்தார்.