ஷுக்ரானும் நகராத படகும்

துருக்கியில் எங்கள் எஸ்கிஷெஹிர் நகரில் ஷுக்ரானைப் போல டிராமை அலுங்காமல் நிறுத்தத் தெரிந்தவர் யாரும் இல்லை. நானும் அவளோடு அதே வழித்தடத்தில் பதினோரு வருடம் ஓட்டியவள் என்பதால் சொல்கிறேன். நாற்பத்து நான்கு வயதில் அவளுக்கு உடம்பெல்லாம் வலிக்கத் தொடங்கியது. ஒரு நாள் கழுத்து, மறுநாள் இடுப்பு. தூங்கி எழுந்தால் அடித்துப் போட்டது போல இருக்கும். காலர் உரசினாலே முகம் சுளிப்பாள்.

மூன்று வருடம் டாக்டர் மாற்றி டாக்டராக அலைந்தாள். ரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள், எல்லாம் நார்மல் என்றார்கள். ஒருவர் எடையைக் குறைக்கச் சொன்னார். இன்னொருவர் வெந்நீர் ஊற்றில் குளிக்கச் சொன்னார்.

"நார்மல்னு சொன்னவன் இந்த உடம்பை ஒரு நாள் மாட்டிக்கிட்டுப் பாக்கட்டும்," என்று டிப்போவில் தேநீரைக்கூடக் குடிக்காமல் பொரிந்து தள்ளுவாள்.

கடைசியில் ஒரு மூட்டுவாத மருத்துவர்தான் உட்கார்ந்து கேட்டு, ஃபைப்ரோமயால்ஜியா, பரிசோதனையில் தெரியாத நாள்பட்ட உடல்வலி நோய் என்று பெயர் சொன்னார். அவர் கொடுத்த மாத்திரையில் வண்டி ஓட்டும்போது கண் சொக்கியது. அதனால் மூளை அலைப் பயிற்சிக்கு அனுப்பினார். நான்கு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள்.

முதல் நாள் நானும் துணைக்குப் போனேன். ஜெய்தா என்ற உளவியலாளர், முப்பது வயதுப் பெண், ஷுக்ரானின் தலையில் பசை தடவி ஒயர்களை ஒட்டினாள். எதிரே திரையில் ஒரு படகு. மூளை அலை சரியாக இருந்தால் படகு நகரும், இல்லாவிட்டால் நின்றுவிடும்.

"அக்கா, நகத்தணும்னு முயற்சி பண்ணாதீங்க. சும்மா பாருங்க."

"முயற்சி பண்ணாம எப்படி நகரும்?"

"அதுதான் பயிற்சியே."

"இதுக்கா ஷிப்டை மாத்திக்கிட்டு வந்தேன்?"

படகு அசையவில்லை. அவள் பல்லைக் கடித்தாள், திரை சிவந்தது. தாடை இறுகினால் கருவிக்கு அலையே தெரியாது என்றாள் ஜெய்தா. கண்ணை மூடினால் தூக்க அலை வருகிறதாம். முறைத்துப் பார்த்தால் பதற்ற அலையாம்.

"அப்ப நான் மூச்சு விடலாமா, அதுக்கும் ஏதாவது அலை இருக்கா?"

வீட்டிலும் நிம்மதி இல்லை. கணவன் ஹிக்மெத் அவள் முடியைப் பார்த்து, "தலையில என்ன, தயிரைக் கொட்டிக்கிட்டியா?" என்றான். தினமும் இரண்டு முறை தலை அலச வேண்டியிருந்தது. கையைத் தூக்கினால் தோள் வலி. வலிக்கு வைத்தியம் பார்க்கப் போய் வலி கூடியதுதான் மிச்சம் என்று எரிந்து விழுந்தாள்.

ஒன்பதாம் நாள், "உங்க வேலையில உடம்பு அசையாம, ஆனா முழு கவனமா இருக்கிற நேரம் ஏதாவது உண்டா?" என்று ஜெய்தா கேட்டாள்.

"சிவப்பு விளக்குல நிக்கிறப்ப. கை கைப்பிடியில கிடக்கும். யாரு குறுக்க ஓடுவான்னு கண்ணு பாத்துக்கிட்டே இருக்கும்."

"அப்படியே உக்காருங்க."

உட்கார்ந்தாள். படகு ஒரு சாண் நகர்ந்தது. பிறகு கரையோரமாகவே போய்க்கொண்டிருந்தது.

"எட்டு நாள் கழிச்சா கேப்பே இதை?" என்றாள் ஷுக்ரான். ஜெய்தா சிரித்துவிட்டு மன்னிப்புக் கேட்டாள்.

மூன்றாம் வாரம் ஷுக்ரான் ஒரே மூச்சில் ஆறு மணிநேரம் தூங்கினாள். நான்கு வார முடிவில் வலி போய்விடவில்லை. பத்துக்கு எட்டு என்று சொல்லிவந்தவள் ஐந்து என்றாள். தலைசீவக் கை எழும்பியது. லீவு போடாமல் வாரம் ஐந்து நாளும் வண்டி எடுத்தாள்.

ஆனால் பார்க்கிறவர்களுக்கெல்லாம் ஒரே பேச்சு. ஹிக்மெத்தே இரவுச் சாப்பாட்டில் கேட்டான்: "அப்ப வலி மொத்தமும் தலைக்குள்ளதான் இருந்துச்சா?"

"தலை என்ன பக்கத்து வீட்லயா இருக்கு? என் உடம்புலதானே இருக்கு," என்று சூப் கரண்டியைக் கீழே போட்டாள். இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவனே தலைக்குத் தண்ணீர் ஊற்ற வந்து நின்றான்.

பனிக்காலத்தில் வலி மறுபடி ஏழுக்கு ஏறியது. இன்னும் சில நாள் பயிற்சி வேண்டுமென்று தொலைபேசியில் கேட்டாள். நான்கு மாதம் காத்திருக்கச் சொன்னார்கள். திட்டித் தீர்த்துவிட்டு, பெயரைப் பதியச் சொன்னாள்.