பிஸ்கட் தட்டும் என் அக்காவின் வாயும்

என் அக்காவுக்கு வாய் சும்மா இருக்காது. என் தையல்கடையில் வந்து உட்கார்ந்தால், அளவு கொடுக்க வந்தவரிடமே, "இந்தத் துணிக்கா இவ்வளவு விலை கொடுத்தீங்க?" என்று கேட்டு வைப்பாள். இப்படிப்பட்டவளைப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் தற்காலிக ஆசிரியையாக எடுத்தார்கள். பாவம், அவர்களுக்கு என்ன தெரியும்!

அந்தத் துறையில் ஒரு வழக்கம் உண்டு. மாதம் ஒருமுறை ஆராய்ச்சி மாணவர் ஒருவர் தன் வேலையை எல்லோர் முன்னாலும் விளக்க வேண்டும். அவர் "நன்றி" என்றதும் பிஸ்கட் தட்டு உள்ளே வரும். தட்டு வந்துவிட்டால் யாரும் கேள்வி கேட்கக் கூடாது. முன்பெல்லாம் மாடியில் இருந்த பேராசிரியர்களின் மாணவர்களைக் கீழ்த்தளத்துப் பேராசிரியர்களும், கீழ்த்தளத்து மாணவர்களை மாடிக்காரர்களும் கேள்வியாலேயே குடைந்து, முகம் கொடுத்துப் பேசுவதுகூட நின்றுபோய், கடைசியில் இந்தத் தட்டில் வந்து சமாதானமானார்களாம். அன்றிலிருந்து அங்கே எல்லோருடைய ஆராய்ச்சியும் பிரமாதம்தான்.

"அக்கா, வேலை நிரந்தரமாகுற வரைக்கும் பிஸ்கட்டை வாயில போட்டுக்கிட்டுக் கம்முனு உக்காரு," என்று தலைதலையாய் அடித்துக்கொண்டேன். நிரந்தரமாக்குவது துறைத்தலைவர் கையில் இருந்தது. அத்தானுக்கோ அப்போது வேலை இல்லை. வீடே அவள் சம்பளத்தில்தான் ஓடியது.

சில மாதம் சமத்தாக மென்றாள். பிறகு துறைத்தலைவரின் சொந்த மாணவி பேச வந்தாள். அவள் தயாரித்த பொடியைத் துணியில் தடவி, கலங்கல் தண்ணீரை வடிகட்டினால் தெளிந்துவிடுகிறதாம். எல்லோரும் கைதட்டினார்கள், தட்டும் வந்தது. அக்கா ஒன்றை எடுத்து வாயிலும் போட்டாள். கடவுளே, அதோடு நிறுத்தியிருக்கக் கூடாதா!

"பொடி தடவாத வெறும் துணியில வடிகட்டிப் பார்த்தியாம்மா?"

பிஸ்கட் தூள் பறக்கக் கேட்டாளாம். அறையில் மெல்லுகிற சத்தமே நின்றுவிட்டது. "இல்ல மேடம்," என்றாள் மாணவி. மறுநாளே வடிகட்டிப் பார்த்தாள். வெறும் துணியிலும் தண்ணீர் அதே அளவு தெளிந்தது. பொடி சும்மா ஒட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. "வெளியிலேருந்து வர்ற தேர்வாளர் இதைக் கேட்டிருந்தா என் கதி என்ன மேடம்?" என்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாளாம்.

துறைத்தலைவர் சிரித்துக்கொண்டே சொன்னாராம்: "அடுத்த மாசம் நீங்களே பேசுங்கம்மா. அதைக் கேட்டுட்டு உங்க வேலையைப் பத்தி முடிவு பண்றேன்." அந்தச் சிரிப்பைக் கேள்விப்பட்டதுமே, வேலை போச்சு என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

அக்கா பேசிய அன்று தட்டு வரவே இல்லை. மாடியும் கீழ்த்தளமும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டு அவளைப் பிய்த்து எடுத்துவிட்டார்கள். தொண்டை கட்டிப்போய் நேராக என் கடைக்கு வந்தாள்.

"வேலை போச்சா?"

"கேள்வி கேட்டாங்கடி! ஒண்ணு ரெண்டுக்கு எனக்குப் பதிலே தெரியல! எவ்வளவு நல்லா இருந்துச்சு தெரியுமா?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுத்தான் திட்ட ஆரம்பித்தேன். அரிசி வாங்க வழி இல்லாதபோது இவளுக்குக் கேள்வி ஒன்றுதான் குறைச்சல்!

அடுத்த வாரம் துறைத்தலைவர் கூப்பிட்டு நிரந்தர வேலைக்கான உத்தரவை நீட்டினாராம். இவள் வாய் சும்மா இருக்குமா? "ஏன் சார்?" என்று கேட்டிருக்கிறாள்.

"உங்களை மடக்கணும்னு உக்காந்து படிச்சேன்மா," என்றாராம் அவர். "நான் படிச்சு எத்தனை வருஷமாச்சு!"