கல்மேல் நின்ற வீடு

மாஸ்டர் குவார்ட்டெங்கின் பட்டறையில் தொழில் பழகுகிறவர்கள் எல்லாரும் மீசை அரும்பாத பையன்கள். அசாரேவுக்கு மட்டும் நாற்பதை எட்டும் வயது. பையன்கள் அவனைப் பெரியப்பா என்றார்கள். வேலை ஏவும்போதும் அதே மரியாதைதான்.

"பெரியப்பா, அந்தப் பெரிய ஸ்பேனர எடுங்க. மெதுவா வாங்க, முட்டி கழண்டுறப் போவுது."

அசாரே சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுப்பான். வேறு என்ன செய்ய? மனைவி போய்ச் சேர்ந்த கையோடு, வீட்டுக்காரர் கானாவின் குமாசி ஊர் வழக்கப்படி இரண்டு வருட வாடகையை மொத்தமாக முன்னால் வை என்றார். பழைய செருப்பு விற்கிறவனால் ஆகிற காரியமா அது? மகள் அடோமாவின் கையைப் பிடித்துக்கொண்டு சுவாமே பட்டறைத் தெருவுக்கு வந்தவனை மாஸ்டர் எஞ்சின் வேலை பழகச் சேர்த்துக்கொண்டார். சம்பளம் கிடையாது, மதியச் சாப்பாடு உண்டு. படுக்க, பட்டறை மூலையில் யாரோ பழுதுக்கு விட்டுப்போய், எஞ்சின் செத்து, சக்கரமில்லாமல் கற்களின்மேல் நின்ற ஒரு வேன்.

சில வருடங்களில் அது வீடாகிவிட்டது. பின்சீட்டு படுக்கை, டிரைவர் சீட்டு அடோமா பாடம் படிக்கும் இடம். ஜன்னல்களுக்கு அரிசிச்சாக்குத் திரை. "எங்க வீட்டுல பத்து ஜன்னல்" என்று பள்ளிக்கூடத்தில் பெருமையடித்துவிட்டு வருவாள்.

அங்கே தொழில் பழகியவன் தானாகக் கடை வைத்துவிட முடியாது. ஒரு எஞ்சினைத் தனியாளாக மாட்டி ஓடவைத்துக் காட்ட வேண்டும். மாஸ்டர் அவன் தலையில் வெள்ளைப் பவுடரைக் கொட்டி விடுதலை கொடுத்தால்தான் ஊரார் நம்பி வண்டி விடுவார்கள்.

அசாரேவின் முறை வந்த சமயத்தில்தான் வேனின் சொந்தக்காரி, கிழங்கு வியாபாரி செர்வா, தள்ளுவண்டியில் ஒரு எஞ்சினோடு வந்து நின்றாள்.

"என் வண்டிக்குக் கருமாதியே பண்ணிருப்பீங்களே மாஸ்டர். மாத்து எஞ்சின் கொண்டாந்திருக்கேன், மாட்டுங்க."

மாஸ்டர் அசாரேவைத் தனியாக அழைத்தார். "உன் பரீட்சை இதுதான்."

"வேற வண்டி ஏதாச்சும் குடுங்க, மாஸ்டர். புள்ளைய வச்சிக்கிட்டு..."

"எனக்குத் தெரியாதாப்பா? நீ மாட்டலன்னா வேற ஒரு பொடியன் மாட்டுவான். வண்டி எப்படியும் போயிரும். பவுடர் யார் தலையில விழணும், அத மட்டும்தான் நீ முடிவு பண்ணலாம்."

சாயங்காலங்களில் அவன் அறை தேடி அலைந்தான். எல்லா வாசலிலும் அதே இரண்டு வருட முன்பணம்.

எஞ்சின் முதன்முதலாகப் புகை கக்கியபோது அடோமா கைதட்டினாள். "அப்பா, வீடு இருமுது. சக்கரம் மாட்டுனதும் நாம எங்க போவோம்?"

"போவலாம்" என்றான். மறுபடி எஞ்சினுக்குள் குனிந்துகொண்டான்.

கடைசி போல்ட்டில் அவன் கை நின்றது. இதை லேசாகத் தளர விட்டால் போதும், முதல் மேட்டில் எஞ்சின் உயிரை விட்டுவிடும். வண்டி திரும்பவும் கல்லுக்கே வந்துவிடும். மனம் ஒப்பி இறுக்கினான் என்று சொல்ல முடியாது. கை பழகிப்போயிருந்தது, இறுக்கிவிட்டது.

பவுடர் கொட்டினார்கள். "பெரியப்பாவுக்கு இப்பத்தான் நெசமா நரைச்சிருக்கு" என்று பையன்கள் கூத்தடித்தார்கள்.

செர்வாவின் டிரைவர் ஏறப் போனபோது டிரைவர் சீட்டில் பள்ளிப் பையோடு அடோமா உட்கார்ந்திருந்தாள்.

"இது நான் படிக்கிற எடம், மாமா."

டிரைவர் அசாரேவைப் பார்த்தார். அசாரே வெள்ளைத் தலையோடு போய் மகளைத் தூக்கி இறக்கினான். அவள் அழவில்லை. வேன் தெருமுனை திரும்பும்போது, "திரைய எடுக்க மறந்துட்டோம்ப்பா" என்றாள். பின் ஜன்னலில் அரிசிச்சாக்கு படபடத்துக்கொண்டு போனது.

ஒரு மழைக்காலம் முழுக்க இருவரும் பட்டறைத் தரையில், கழற்றிப்போட்ட எஞ்சின்களுக்கு நடுவே படுத்தார்கள். பிறகு அசாரே பெட்டி மாதிரியான தகரக் கொட்டகையில் சொந்தமாகப் பழுதுபார்க்கும் கடை வைத்தான். முன்னால் வேலை, பின்னால் பாய். இப்போது அவனிடமே நாலு பையன்கள் தொழில் பழகுகிறார்கள். பூட்டுப் போட்ட அறை இருக்கிறது, இரண்டு ஜன்னல்களோடு.

செர்வாவின் வேன் இன்றும் பழுதுக்கு அவனிடம்தான் வருகிறது. வேறு யாரையும் அவள் தொடவிடுவதில்லை. வேன் கடை வாசலில் நிற்கிற நாட்களில் அடோமா, அது கிளம்பிப் போன பிறகுதான் பள்ளிக்கூடத்திலிருந்து வருகிறாள். அசாரே ஏன் என்று கேட்பதில்லை.