பதினைந்து வாட்

சர்வர் கணினியின் பின்பக்கத்திலிருந்து வரும் காற்றில் புறங்கையை நீட்டி, கண்ணை மூடி, ஐந்து வரை எண்ணுகிறார் வாட்டக்கா. "இது சமத்து." அடுத்ததற்கு நகர்கிறார். "இவன் தின்னுட்டுச் சும்மா மூச்சு வாங்குறான்."

மருத்துவமனையின் கணினி அறையில் இருபத்தொரு வருடமாக மின்சாரம் அளப்பவர். வயது ஐம்பத்து மூன்று. காவலாளி முதல் பெரிய டாக்டர் வரை எல்லோருக்கும் 'வாட்டக்கா'. லிஃப்டில் யாராவது புதுக் கைபேசியைக் காட்டினால், சார்ஜரை வாங்கித் தொட்டுப் பார்ப்பார்.

சுவர் மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பவர் சப்ளை பெட்டிதான் அவர் உலகம். உள்ளே போனதில் வெளியே வராதது அத்தனையும் சூடு. அந்தச் சூட்டை விரட்ட ஏசி வேறு மின்சாரம் தின்னும். "நல்ல பெட்டின்னா வேலை செஞ்ச அடையாளமே தெரியக் கூடாது" என்பார், தூங்கும் குழந்தையைப் பற்றிப் பேசுகிற குரலில்.

போன செவ்வாய்க்கிழமை இருபத்து நான்கு புதுப் பெட்டிகள் வந்தன. செய்தவரே கொண்டுவந்திருந்தார், சின்னப் பட்டறைக்காரர். உள்ளே போவதில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு தேறும் என்று பெட்டியின் மேல் எழுதியிருந்தது. வாட்டக்கா ஒன்றை அளந்தார். உள்ளே 643 வாட், வெளியே 590.

"தொண்ணூத்திரண்டுகூடத் தேறலையே ஐயா."

"எட்டு மாச உழைப்புங்க. இது திரும்பி வந்தா பட்டறையை மூட வேண்டியதுதான்."

"மூடுங்க. இல்லாட்டி ஒழுங்காச் செய்யுங்க."

மறுநாள் காலை வீட்டில் கணவர் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தார். "என்னம்மா, இந்த நீட்டு வயர் இப்படிச் சுடுது?"

டீ டம்ளர் பாதியில் நின்றது. வயரைத் தொட்டவர், "ஐயையோ" என்று மருத்துவமனைக்குக் கிளம்பினார்.

"செருப்பைப் பாரு! ஒண்ணு என்னுது!"

சோதனை மேசைக்குப் புதிதாகப் போட்ட வயர், பழையதைவிட ஒரு மீட்டர் நீளம். மின்னழுத்தத்தை, மின்சாரம் வெளியே வரும் பெட்டியின் வாயில் அளக்காமல் வயரின் கடைசியில் அளந்திருந்தார். வழியில் வயர் தின்றது பெட்டியின் தலையில் விழுந்திருந்தது. இப்போது பெட்டியின் வாயிலேயே மீட்டர் ஊசிகளை வைத்தார். உள்ளே அதே 643; வெளியே 605, எழுதியிருந்த தொண்ணூற்று நான்கேதான். அறுநூறு வாட்டுக்கு மேல் கடந்து போகிறது; மிஞ்சுவது ஒரு குண்டு பல்பின் சூடு. "அடேயப்பா" என்றார், யாரும் இல்லாத அறையில்.

பத்து மணிக்குக் கொள்முதல் அதிகாரி, பெட்டிகளைத் திருப்பி அனுப்பும் கடிதத்தோடு வந்தார். பின்னால் பட்டறைக்காரர், பெட்டிகளை ஏற்றிப் போக.

"அக்கா, கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது."

"முடியலை. தப்பு என்னுது. பெட்டி நல்ல பெட்டி."

அதிகாரி குரலைத் தாழ்த்தினார். "இதை எழுதி வெச்சா, இத்தனை வருஷம் நீங்க அளந்ததை எல்லாம் மறுபடி அளக்கச் சொல்வாங்க. பேசாம இருந்தா யாருக்கு என்ன தெரியப் போகுது?"

"பெட்டிக்குத் தெரியுமே."

பதிவேட்டைத் திறந்தார். 590 என்ற எண்ணின் மேல், அது படிக்க முடியும்படி ஒரே ஒரு கோடு. பக்கத்தில் 'என் அளவைப் பிழை' என்று எழுதி, தேதியும் நேரமும் போட்டார்.

புது எண்ணை மட்டும் எழுதவில்லை. மீட்டருக்கு முன்னாலிருந்த தன் நாற்காலியை விட்டு எழுந்து, அதைப் பட்டறைக்காரர் பக்கமாக நகர்த்தி, பேனாவை நீட்டினார்.

"நீங்க அளங்க."