ஆட்டுக்குக் காட்டிய சிவப்பு அட்டை

சனிக்கிழமை சாயங்காலம் விசில் கழுவுகிற வேலையை வால்டர் யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டார். ஒரு டம்ளர் வெந்நீரில் கல் உப்பு போட்டு, விசிலை முக்கி, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, உதறி, கண்ணுக்கு நேரே பிடித்து உள்ளே இருக்கும் குண்டு சுற்றுகிறதா என்று பார்ப்பார். பிறகு சர்ச் காலண்டருக்குப் பக்கத்து ஆணியில் மாட்டுவார். வீட்டில் அவர் கழுவுகிற ஒரே சாமான் அதுதான் என்பது அவர் மனைவி ஐடாவின் குறை.

வால்டருக்கு வேலை ஷாஃப்ட் என்கிற சுரங்கக் குழியின் வாசலில். ஆட்களைக் கீழே இறக்கி ஏற்றுகிற இரும்புக் கூண்டுக்கு, அதாவது கேஜுக்கு, மணி அடிக்கிறவர். ஓடுகிற கேஜுக்கு ஒரு மணி அடித்தால் நிற்கும். மூன்று அடித்தால் ஆள் ஏறியிருக்கிறது, பார்த்து ஓட்டு என்று அர்த்தம். விடாமல் அடித்தால் ஏதோ ஆபத்து. இப்படி ஒரு மணியைக் கையில் வைத்திருக்கிறவன் பல்லைக் காட்டக் கூடாது என்பது வால்டரின் கட்சி. "சிரிக்கிறவன் அடிக்கிற மணிய எவன் நம்புவான்?" என்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் அணிகளின் ஃபுட்பால் ஆட்டத்துக்கு ரெஃப்ரியாக நிற்கும்போதும் அதே முகம்தான். கல்யாண போட்டோவிலும் அதே முகம். போட்டோக்காரர், "மாப்பிள்ள, கொஞ்சம் சிரிங்க" என்று கெஞ்சியதும், இவர் "எதுக்கு?" என்று கேட்டதும் ஐடாவுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அந்த வருஷம் ஆண்டர்சன்பேட்டை கொட்டகைக்கு ஒரு படம் வந்தது. கல்யாண பேண்டு வாசிக்கிற ஒரு கோஷ்டி, பந்து என்றால் என்னவென்றே தெரியாமல், ஊர் மானத்துக்காக ஃபுட்பால் ஆடப் போகிற கதை. கதை என்று சொல்வதே அதிகம். கோல்கீப்பர் நின்றபடியே தூங்குவான். கோல் விழும்போதெல்லாம் டிரம் அடிப்பார்கள், எதிரணி போட்டாலும். அதில் ஒரு ரெஃப்ரி உண்டு என்று கேஜில் ஏறுகிறவர்கள் சொல்லப்போய், வால்டர் முதல் ஷிஃப்ட் முடிந்து மேட்னிக்குப் போய்விட்டு வந்தார்.

"இன்னாங்க, படம் எப்படி?" என்றாள் ஐடா.

"முட்டாப் பசங்க எடுத்த படம். த்ரோ போடும்போது ஒரு கால தூக்கறான். தப்பு."

அடுத்த வாரமும் போனார். திரும்பி வந்து, கார்னர் கொடி கட்டிய இடம் தப்பு என்றார். அதற்கடுத்த வாரம் ரெஃப்ரி போட்டிருந்த சாக்ஸ் தப்பு.

"அவ்ளோ தப்பா இருந்தா எதுக்குங்க மறுபடி மறுபடி போறீங்க?"

"இன்னும் பாக்காத தப்பு இருக்குது."

"அப்ப நானும் வரேனே. ரெண்டு பேரா பாத்தா சீக்கிரம் முடியும்."

"பொம்பளைங்க பாக்கற படமில்ல அது" என்று சொல்லி வால்டர் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துகொண்டார்.

பொம்பளைகள் எல்லாரும் பார்த்தாயிற்று என்பதைச் சொன்னவள் அடுத்த வீட்டு குணசுந்தரி. குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு, "அக்கா, உங்க வீட்டுக்காரரு பெஞ்சுல இருந்து கீழ வுழுந்துட்டாரு, தெரியுமா?" என்றாள்.

"ஐயோ, எங்க? அடி பட்டுச்சா?"

"அடி எங்க படறது? சிரிச்சு வுழுந்தாரு. படத்துல ஒரு ஆடு வந்து முட்டி கோல் போட்டுடும். ரெஃப்ரி ஓடி வந்து ஆட்டுக்கு ரெட் கார்டு காட்டுவான். ஆடு அந்தக் கார்ட தின்னுடும். அவ்ளோதான், உங்காளு கீழ. எங்க வீட்டுக்காரருதான் தூக்கி உக்கார வெச்சாராம். தூக்கறவரு மேலயே சாஞ்சிக்கினு சிரிச்சாராம்."

ஐடா குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். கோபம் வந்தது. இத்தனை வருஷத்தில் எத்தனை வேடிக்கை சொல்லியிருப்பாள்! மாமியார் வீட்டுப் பூனை பாதிரியார் அங்கியில் படுத்து குட்டி போட்டதைக்கூடச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். "பாவம், அங்கி" என்றார். இப்போது அடுத்த வீட்டு ஆம்பளை மேல் சாய்ந்து சிரித்திருக்கிறார்.

அரிசி களையும்போது கோபம் கொஞ்சம் தணிந்து, யோசனை வந்தது. அந்தப் படத்தில் எவன் எப்படி விசில் ஊதினாலும் யாருக்கும் ஒன்றும் ஆவதில்லை. ஒருத்தன் தப்பாக ஊதினால் இன்னொருத்தன் டிரம் அடிக்கிறான், அத்தோடு சரி. நாள் முழுக்க ஒரு மணி அதிகமா, ஒரு மணி குறைவா என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிற மனுஷனுக்கு அது வேறு உலகம்தான். சரி, இருக்கட்டும். ஆனால் அந்த உலகத்துக்குப் பெண்டாட்டிக்கு மட்டும் டிக்கெட் இல்லையா? அவருடைய சிரிப்பை ஒரு தரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கவேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஃபைனல் ஆட்டம் ஸ்கெலட்டன் என்கிற சுரங்கக் குடியிருப்புக்கும் ஆண்டர்சன்பேட்டைக்கும். ஷிஃப்டில் இல்லாத ஊரெல்லாம் மைதானத்தில். ஐடாவும் குணசுந்தரியும் குடை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு கோல். ஆட்டம் முடிகிற நேரத்தில் சிவப்பு பனியன் போட்ட ஸ்கெலட்டன் பையன் ஒருத்தன் ஓங்கி உதைத்தான். பந்து கோலுக்கு வெளியேதான் போய்க்கொண்டிருந்தது. எங்கிருந்தோ புல் மேய வந்த ஆடு ஒன்று குறுக்கே நின்றது. பந்து அதன் பின்பக்கத்தில் பட்டுத் திரும்பி கோலுக்குள் போய்விட்டது.

ஆடு பட்டு விழுந்தால் கோல் கிடையாது. பந்தைக் கீழே போட்டு ஆட்டத்தைத் திரும்ப ஆரம்பிக்கவேண்டும், விதி அவ்வளவுதான். வால்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஓடி வந்தார். ஓடி வந்த வேகத்தில், பழக்க தோஷம், கை சட்டைப் பைக்குள் போய் சிவப்பு அட்டையை எடுத்து நீட்டிவிட்டது. ஆடு தலையைத் தூக்கி அட்டையைப் பார்த்தது. வால்டர் ஆட்டைப் பார்த்தார்.

"குடுங்க சார், தின்னட்டும்!" என்று கூட்டத்தில் ஒரு குரல்.

அவ்வளவுதான். உள்ளேயிருந்து வந்த சிரிப்பு வாயில் இருந்த விசில் வழியாகத்தான் வெளியே வரவேண்டியிருந்தது. பீ, பீ, பீ, பீ என்று நிற்காமல் வந்தது. விசிலைத் துப்பவும் தோன்றவில்லை அவருக்கு. குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டார். அப்போதும் பீ, பீ, பீ.

வேறு ஊராக இருந்தால் ரெஃப்ரிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். இந்த ஊரில் மணியையும் சங்கையும் எண்ணாத காது கிடையாது. அதிலும் ஊதுகிறவர் கேஜுக்கு மணி அடிக்கிற வால்டர். கொட்டகைக்கு வெளியே சிரித்து யாரும் பார்த்திராத வால்டர். விடாமல் ஊதுகிறார், முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிகிறார். "ஷாஃப்டுல இன்னாவோ ஆயிடுச்சு!" என்று யாரோ கத்தினார்கள். புருஷன் ஷிஃப்டில் இருந்ததால் குணசுந்தரி குடையைப் போட்டுவிட்டு எழுந்தாள். அவள் பின்னால் பெண்கள், அவர்கள் பின்னால் இரண்டு அணிகளும், கடைசியில் சுண்டல்காரர்வரை சுரங்கத்தைப் பார்த்து ஓடினார்கள். அங்கே ஷாஃப்ட் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒருத்தர், இத்தனை சனம் தன்னை நோக்கி ஓடி வருவதைப் பார்த்துவிட்டுத் தானும் ஓட ஆரம்பித்தாராம்.

மைதானத்தில் மிச்சம் வால்டர், ஆடு, ஐடா. அவளுக்கு மட்டும் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. ஓடுகிறவர்களை நிறுத்தி, ஒன்றுமில்லை, சிரிக்கிறார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தப் பக்கம் திரும்பினால் இந்தப் பக்கம் தவறிப்போகுமே. அவள் குடைக்கடியில் நகராமல் உட்கார்ந்து பார்த்தாள். கடைவாயில் அவருக்கு ஒரு பல் இல்லை என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் பழைய முகம் வந்து ஒட்டிக்கொண்டது. சனிக்கிழமை இல்லாவிட்டாலும் வால்டர் விசிலைக் கழுவி ஆணியில் மாட்டினார். ஐடா அடுப்பில் குழம்பை ஏற்றினாள். அப்போதுதான் ஃபுட்பால் கமிட்டி செக்ரட்டரி மாணிக்கராஜ் வந்தார்.

"வால்டர்ணா, இன்னா வேல பண்ணீங்க? எங்க மாமியாரு செருப்புகூட இல்லாம ஷாஃப்டு வரைக்கும் ஓடிச்சு. முழங்கால் வலின்னு ஈஸ்டர்ல இருந்து சர்ச்சுக்கே வராத பொம்பள அது."

"தப்புதான்" என்றார் வால்டர்.

"போவட்டும். கோலு உண்டா, இல்லியா? அத்த சொல்லுங்க. கப்பு எங்க வீட்டு பீரோல கெடக்குது, ரெண்டு டீமும் எங்க வாசல்ல நிக்கிறாங்க. நீங்க தெளிவா தீர்ப்பு சொல்லிட்டா விசில் உங்ககிட்டயே இருக்கட்டும்னு கமிட்டில பேசிட்டு வந்திருக்கேன். இல்லன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

வால்டர் எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "ஆட்டத்துல சேராத ஒண்ணு பந்தைத் தொட்டா" என்று ஆரம்பித்தார்.

"ஏங்க" என்றாள் ஐடா, அடுப்புப் பக்கத்திலிருந்து. "சேராததுன்னா அதுக்கு எதுக்குக் கார்டு காட்டினீங்க? அது எந்த டீமு?"

வால்டர் அவளைப் பார்த்தார். உதட்டைக் கடித்தார். மூக்கு வழியாக ஏதோ சத்தம் வந்தது. பிறகு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"ஸ்கெலட்டன்" என்றார், மூச்சு வாங்க. "செவப்பு கழுத்துக் கயிறு போட்டிருந்துச்சு."

ஐடா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ணா?" என்றார் மாணிக்கராஜ்.

"நீ படத்துல அந்த ஆட்டைப் பாக்கணும், ஐடா. நாளைக்குக் கூட்டிட்டுப் போறேன். அது மெல்லற மெல்லு இருக்குதே..." வால்டருக்கு மேலே சொல்ல முடியவில்லை. மென்று காட்டினார்.

"அக்கா, நீங்களாச்சும் சொல்லுங்களேன்."

ஐடா கையை ஆட்டினாள். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

மாணிக்கராஜ் ஆணியிலிருந்து விசிலை எடுத்தார். இன்னும் ஈரமாக இருந்தது. சட்டையில் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். வாசல்படியில் செருப்பை மாட்டிக்கொண்டு ஒரு தரம் திரும்பினார்.

"கடைசியா கேக்கறேன்ணா. கோலா, இல்லியா?"

வால்டர் ஐடாவுக்கு மறுபடி மென்று காட்டிக்கொண்டிருந்தார். அவர் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.